ஒரு கிழமை விடுதலை

அந்த ஊரின் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் யாராவது வரைபடத்தில் தேடிப் பார்த்துவிட்டு, "வடிவான ஊராமே" என்று என்னிடமே வந்து சொல்வார்கள். வடிவான ஊர்தான். ஒரு ஆறு, அதன்மேல் கல்லால் கட்டிய ஒரு பாலம், பின்னால் ஒரு குன்று, குன்றடியில் ஒரு தேவாலயம், ஒரேயொரு கடைத்தெரு. ஸ்கொட்லாந்தில் இப்படி எத்தனையோ ஊர் இருக்கும். என் வாழ்க்கைக்குள் மூக்கை நுழைத்தது இந்த ஒன்றுதான்.

என் கணவர் எஞ்சினியர். எங்களுக்குக் கல்யாணமாகி அடுத்த வருடமே அவருக்குப் புலமைப்பரிசில் கிடைத்தது. ஸ்கொட்லாந்தில் இரண்டு வருடம் மேற்படிப்பு. நான் யாழ்ப்பாணத்தில் அவருடைய தாயாரோடு இருந்தேன். மாமிக்குப் பாரிசவாதம், ஒரு பக்கம் முழுதாக விழுந்துவிட்டது. காலையில் அவரைக் கழுவித் துடைத்து, உடுப்பு மாற்றி, கஞ்சி பருக்கிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஓடுவேன். நான் பூமிசாத்திர ரீச்சர். உலகத்து ஆறுகளையும் மலைகளையும் பிள்ளைகளுக்குப் படிப்பித்துவிட்டுப் பின்னேரம் திரும்பி வந்து மறுபடியும் மாமியைக் கழுவுவேன்.

அவர் படித்தது ஒரு பெரிய நகரத்தில். லீவு கிடைத்தால் அந்தச் சின்ன ஊருக்குப் போய்விடுவார். போகும்போதெல்லாம் எனக்கு ஒரு படத் தபாலட்டை வரும். ஒரு பக்கம் பாலம், அல்லது குன்று, அல்லது தேவாலயம். மறுபக்கம் எப்போதும் ஒரே மூன்று வசனம். "இங்கு மழை. நான் சுகம். அம்மாவைக் கவனமாகப் பார்க்கவும்." அதற்குக் கீழே அட்டையில் பாதி வெறுமையாகக் கிடக்கும். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்க அந்த இடம் தாராளமாகக் காணும். அவருக்கு அது தோன்றவில்லை.

திரும்பி வந்தபோது மாமியின் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துத்தான் சொன்னார். "உம்மையும் ஒருநாள் அங்க கூட்டிக்கொண்டு போறன். ஒரு கிழமை முழுக்க நிப்பம்." மாமியின் துணிகளைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நின்ற எனக்கு அது பெரிய பேச்சாக இருந்தது. அந்த ஒரு கிழமை, ஏழு நாள், எனக்கு வரவேண்டியது என்று அன்றைக்கே மனதில் எழுதி வைத்துவிட்டேன். நகையோ காணியோ நான் அவரிடம் கேட்டதில்லை. இதைக் கேட்டேன்.

மாமி போனபிறகு அவுஸ்திரேலியாவுக்கு வந்தோம். வெள்ளைத் தோல் இல்லாதவர்களுக்கும் கதவைத் திறந்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதும் பெட்டியைக் கட்டியவர்கள் நாங்கள். பிளாக்டவுனில் பைப்ரோ என்கிற அஸ்பெஸ்டஸ் தகடு அடித்த ஒரு வீடு. வெயிலில் அடுப்பு, குளிரில் ஐஸ்பெட்டி. அவருக்குச் சிட்னி நகரத்தில் எஞ்சினியர் வேலை உடனே கிடைத்தது. ஸ்கொட்லாந்துப் படிப்பு என்றதும் கதிரை இழுத்துப் போட்டு இருத்தினார்களாம். என்னுடைய ரீச்சர் பத்திரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மறுபடி படிக்க வேண்டும் என்றார்கள். அவர் படிக்க நான் இரண்டு வருடம் காத்திருந்தேன். நான் படிக்க யார் காத்திருப்பது? ஜாம் தொழிற்சாலையில் போத்தலுக்கு மூடி போடப் போனேன்.

ஸ்கொட்லாந்து அவரோடு கூடவே வந்தது. வீட்டுக்கு யார் வந்தாலும் இரண்டாவது தேத்தண்ணிக்குள் அந்த ஊர் மேசைக்கு வந்துவிடும். பாலத்தில் நின்றால் மீன் துள்ளுவது தெரியும், காலையில் குன்றில் மூடுபனி இறங்கும், ஊர்ச்சனம் தெரியாத ஆளுக்கும் வணக்கம் சொல்லும். வந்தவர்கள் என்னைப் பார்த்து, "நீங்களும் போனனீங்களோ, அன்ரி?" என்பார்கள். "இல்லை, நான் அப்ப வேறை ஊரில நிண்டனான்" என்பேன். அவர் அதைக் கேட்காதமாதிரி வடையைக் கடிப்பார்.

எழுபதுகளின் நடுப்பகுதி தாண்டியதும் நான் பிடியாய் நின்றேன். மகளுக்கு ஒன்பது வயது. மெல்பேர்னில் இருந்த என் தங்கை கொஞ்ச நாள் வந்து நின்று அவளைப் பார்ப்பதாகச் சொன்னாள். என் சம்பளத்தில் மிச்சம் பிடித்ததும் சேர்ந்திருந்தது. இனி என்ன சாட்டுச் சொல்வீர்கள் என்று கேட்டேன். அவரிடம் சாட்டு ஒன்றும் இருக்கவில்லை. அப்படித்தான் திட்டம் போடத் தொடங்கினோம்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் குசினி மேசையில் வரைபடத்தை விரித்துவிடுவேன். இலண்டனிலிருந்து ரயில், பிறகு இன்னொரு ரயில், கடைசியில் ஒரு பஸ். அவர் கதிரையைப் பின்னுக்குத் தள்ளிச் சாய்ந்துகொண்டு எல்லாவற்றையும் வெட்டிக்கொண்டிருப்பார்.

"ஒரு கிழமை அங்க என்ன செய்யிறது? பாலத்தைப் பாக்க ரண்டு நிமிசம் காணும்."

"நீங்கள் ரண்டு வருசமாப் பாத்தனீங்கள்தானே. நான் ஏழு நாள் பாக்கிறன்."

"மழை விடாது. நீர் அறைக்குள்ளதான் இருப்பீர்."

"இருப்பன். மழையைப் பாத்துக்கொண்டு இருப்பன். ஒருத்தருக்கும் சமைக்காமல் இருப்பன்."

சமைக்காமல் இருப்பேன் என்றது அவருக்குப் பிடிக்கவில்லை. ஏழு நாளை மூன்றாக்கப் பார்த்தார். நான் ஐந்துக்கும் இறங்கவில்லை. மீன் சந்தையில் நின்றால்கூட நான் அப்படிப் பேரம் பேசியதில்லை. கடைசியில் ஏழு என்று ஒத்துக்கொண்டார். ஒத்துக்கொண்ட கையோடு எனக்கு வகுப்பெடுக்கத் தொடங்கினார். சேலையோடு குன்றில் ஏற முடியாது, காற்சட்டை வேண்டும். சப்பாத்து வேண்டும். தங்கப்போகிற வீட்டுக்காரி காலையில் ஓட்ஸ் கஞ்சி தருவாள், முகத்தைச் சுளிக்கக் கூடாது.

"அங்க ரீ எண்டால் தேத்தண்ணி இல்லை, விளங்குதோ? அது இராச் சாப்பாடு. வீட்டுக்காரி வந்து ரீ வேணுமோ எண்டு கேக்க, நீர் இப்பதான் குடிச்சனான் எண்டு சொல்லிப்போட்டுப் பட்டினி கிடப்பீர். ஒரு சொல்லுக்கு ஊருக்கு ஊர் வேறை கருத்து. ஆக்கள் என்ன கருத்தில சொல்லுகினம் எண்டு கேட்டு விளங்க வேணும்."

இதைச் சொன்னவர் அவர்தான். எனக்கு நல்ல ஞாபகம். சொல்லும்போது கரண்டியால் மேசையில் தட்டினார்.

பரமட்டாவில் ஒரு பயண முகவரிடம் முன்பதிவு செய்தோம். இரண்டு பேருக்கு விமானச் சீட்டு, ஆற்றங்கரை வீடொன்றில் இரண்டு பேருக்கு ஒரு அறை, ஓகஸ்ட் மாதத்தில். ஒரு சிக்கல்தான் மிச்சம். எனக்குத் தொழிற்சாலையில் லீவு கிடைக்க வேண்டும். சுப்பவைசர் பார்ப்போம் பார்ப்போம் என்று இரண்டு மாதமாக இழுத்தடித்தாள். அது உறுதியாகும்வரை பயணக்கதையை ஒருவருக்கும் சொல்லக்கூடாது என்று அவருக்கும் மகளுக்கும் கட்டளை போட்டிருந்தேன். சொன்னால் நாவூறு பட்டுவிடும். இவ்வளவு வருடம் காத்திருந்த காரியம், யாருடைய பெருமூச்சிலும் கருகிப்போகக் கூடாது. இந்த நாவூற்றுப் பயம் இல்லாமல் ஊர் முழுக்கத் தம்பட்டம் அடித்திருந்தால் பின்னால் நடந்த ஒன்றும் நடந்திருக்காது. அல்லது நடந்திருக்கும், எனக்குத் தெரியாமல் போயிருக்கும்.

பக்கத்து வீட்டில் ஒரு தமிழ்நாட்டுக் குடும்பம் இருந்தது. அந்தக் காலத்துப் பிளாக்டவுனில் வேலிக்கு அந்தப்பக்கம் தமிழ் கேட்பது லொத்தர்ச் சீட்டு விழுந்தமாதிரி. அந்தப் பெண் என்னைவிட இளையவள், தங்கமான மனம், வாய்க்குப் பூட்டுக் கிடையாது. அவளுடைய புருசனும் என் கணவரும் ஒரே ரயிலில் நகரத்துக்கு வேலைக்குப் போய் வருபவர்கள். எங்கள் தமிழைக் கேட்டு அவள் சிரிப்பாள், அவள் தமிழைக் கேட்டு நாங்கள் சிரிப்போம். கதைக்கிறது என்றால் அவளுக்குக் கதை சொல்வது, எனக்குப் பேசுவது. கிழமை என்றால் அவளுக்குத் திங்களோ செவ்வாயோ, எனக்கு ஏழு நாள். இதெல்லாம் பழகிவிட்டது, இனி எல்லாம் விளங்கும் என்றுதான் இருவரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

சுப்பவைசர் ஒருநாள் மதியம் லீவைத் தந்துவிட்டாள். காலை ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு ஓடிவந்தேன். பின்வளவில் உடுப்புக் காயப்போடும்போது வேலிக்கு அந்தப்பக்கம் அவளும் காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா, மூஞ்சியெல்லாம் சிரிப்பா இருக்கு?"

"விடுதலை கிடைச்சிட்டுது" என்றேன்.

யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட லீவை நாங்கள் விடுதலை என்றுதான் சொல்வோம். தவணை முடிந்தால் விடுதலை. தீபாவளிக்கு விடுதலை. படித்ததும் படிப்பித்ததும் பள்ளிக்கூடத்தில் என்பதால் என் வாயில் எல்லா லீவும் விடுதலைதான். அவள் கையில் புருசனுடைய சட்டையோடு அப்படியே நின்றாள்.

"விடுதலையா?"

"ஓம். ரண்டு மாசமாக் கேட்டுக் கேட்டு, இண்டைக்குத்தான் தந்தவங்கள். இனி நான் பறந்திடுவன்."

"அண்ணனுக்குத் தெரியுமா?"

"இன்னும் சொல்லேல்லை. பின்னேரம் வரட்டும். அவருக்குப் பெரிசா விருப்பமில்லை, ஆனா நான் விடமாட்டன். எத்தினை வருசம் பொறுத்திட்டன்!"

"அப்ப பாப்பா?"

"தங்கச்சி வந்து பாப்பாள்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆச்சரியம் என்று நினைத்தேன். "ஆருக்கும் சொல்லிப் போடாதேங்கோ" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கணவாய் துப்புரவாக்கத் தொடங்கினேன். அவருக்குக் கணவாய்க் கறி என்றால் உயிர். நல்ல செய்தியை நல்ல கறியோடு சொல்லலாம் என்ற எண்ணம்.

அவர் வழமையைவிடச் சுணங்கி வந்தார். கை கழுவிவிட்டுச் சாப்பிட இருந்தார். நான் வாய் திறக்க முன் அவரே தொடங்கினார்.

"உமக்கு விடுதலை கிடைச்சிட்டுதாம். ரயிலில சொன்னவர்."

பக்கத்து வீட்டுக்காரி புருசனுக்குப் போன் அடித்துச் சொல்லியிருக்கிறாள் என்று விளங்கியது. எனக்கு ஆத்திரமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"நான் சொல்ல இருந்தனான். அதுக்குள்ள அவள் அவிட்டு விட்டிட்டாள்."

"முடிவெடுத்திட்டீரோ?"

"இதில இனி எடுக்க என்ன முடிவு கிடக்கு? எப்பவோ எடுத்த முடிவு."

அவர் சாப்பாட்டுக் கோப்பையில் கிடந்த சோற்றைப் பிசைந்தார்.

"சரி" என்றார். பிறகு, "கணவாய் இன்னும் கொஞ்சம் கிடக்கோ?" என்று கேட்டார்.

எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்லி மாளாது. மழை, குளிர், மூன்று நாள் காணும் என்று ஒரு சொல்லும் இல்லை. வெட்டாமல் கொத்தாமல் ஒரு "சரி". கல்யாணம் கட்டிய நாளிலிருந்து நான் சொன்ன ஒன்றுக்கு அவர் அப்படி முழுச் "சரி" சொன்னதில்லை. சட்டியில் இருந்த கணவாய் முழுவதையும் அவருடைய கோப்பையில் போட்டேன்.

அடுத்து வந்த நாட்களில் அவர் வேறு மனிதராக இருந்தார். சாப்பிட்ட கோப்பையைத் தானே கழுவினார். நான் எழும்பினால் "நீர் இரும்" என்றார். மகளைச் சனிக்கிழமை பூங்காவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். பயணம் என்றதும் மனிதருக்கு இளமை திரும்பிவிட்டது என்று நான் பூரித்துப்போனேன். பழைய உடுப்புக் கடையொன்றில் தடித்த கம்பளிக் கோட்டு ஒன்று வாங்கி, முழங்காலுக்குக் கீழே தொங்கியதை வெட்டித் தைத்து, போட்டுக்கொண்டு அவர் முன்னால் நின்றேன்.

"எப்பிடி இருக்கு?"

"நல்லாக் கிடக்கு" என்றார். "இனி உமக்கு உதவும்."

அந்த "இனி"யை நான் கவனிக்கவில்லை. கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

லீவுத் தேதியைச் சொல்லி முன்பதிவை உறுதிப்படுத்த வேண்டும் என்று அடுத்த கிழமை நானே பரமட்டாவுக்குப் போனேன். மேசைக்குப் பின்னால் இருந்த பெண் பதிவேட்டை எடுத்துப் பார்த்துவிட்டு, அது ஏற்கனவே மாற்றியாகிவிட்டதே என்றாள். இப்போது ஒரு சீட்டு. ஆற்றங்கரை வீட்டில் ஒரு ஆளுக்கான சின்ன அறை. "உங்கள் கணவர் போனில் சொன்னார். நீங்கள் போகவில்லையாம்." நான் பிழை நடந்துவிட்டது என்றேன். இல்லை, அவர் தெளிவாகத்தான் சொன்னார் என்றாள். எந்த நாள் என்று கேட்டேன். சொன்னாள். கணவாய்க்கறிக்கு அடுத்த நாள் காலை.

அப்போதும் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. தனக்குச் செலவு கூடுகிறது என்று என்னை வெட்டிவிட்டாரா? அப்படியென்றால் ஏன் "சரி" என்றார்? ரயிலில் வரும்போது யோசித்து யோசித்துத் தலை வெடித்தது. வீட்டு வாசலில் பக்கத்து வீட்டுக்காரி எனக்காகக் காத்துக்கொண்டு நின்றாள். கண் கலங்கியிருந்தது.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. ஒரு வார்த்தை சொல்லணும். அவசரப்படாதீங்கக்கா. ஆம்பளைங்க எல்லாரும் அப்படித்தான். எங்க வீட்டுக்காரர் என்ன ஒழுங்கா? நான் விசாரிச்சேன், கோர்ட்ல குடுத்துட்டாக்கூட மறுபடி சேந்துக்கலாமாம்."

"எந்தக் கோட்டு?"

"அதான்க்கா, விடுதலை குடுத்த கோர்ட்டு."

அவள் நினைத்தது விவாகரத்தை என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவளிலும் பிழை சொல்ல முடியாது. ஒரு காரணமும் காட்டத் தேவையில்லை, ஒரு வருடம் பிரிந்திருந்தால் போதும், அது ஒரே வீட்டுக்குள் என்றாலும் சரி என்று விவாகரத்துச் சட்டத்தை அப்போதுதான் புதிதாக மாற்றியிருந்தார்கள். தொழிற்சாலையில், ரயிலில், கடையில் எல்லாம் அதே பேச்சு. அவளுடைய ஊரில் விடுதலை என்றால் ஒன்று ஜெயிலிலிருந்து, இல்லாவிட்டால் புருசனிடமிருந்து. நான் ஜெயிலில் இருக்கவில்லை.

நான் சொல்லி விளக்கியதும் அவள் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் வரச் சிரித்தாள். "லீவாக்கா? லீவுக்கா விடுதலைங்கறீங்க? கடவுளே!" நானும் சிரித்தேன். கொஞ்ச நேரம் உண்மையாகவே சிரித்தேன். பிறகு அந்தப் போன் நினைவுக்கு வந்தது. என் சிரிப்பு நின்றுவிட்டது, அவளுடையது நிற்கவில்லை.

அவளுக்கு அந்தச் சொல் தெரியாது. அவள் தஞ்சாவூர். அவளுடைய புருசனுக்கும் தெரியாது. என் கணவர் யாழ்ப்பாணம். நான் படிப்பித்த பள்ளிக்கூடத்துக்கு இரண்டு தெரு தள்ளி இருந்த பள்ளிக்கூடத்தில் படித்தவர். வருடத்துக்கு மூன்று தரம் விடுதலை விடுதலை என்று புத்தகத்தை எறிந்துவிட்டு ஓடியவர்.

அன்று பின்னேரம் அவர் வந்து சப்பாத்தைக் கழற்றும்போதே கேட்டேன்.

"ரயிலில அவர் உங்களுக்கு என்ன சொல்லு சொன்னவர்? டிவோர்ஸ் எண்டோ, விடுதலை எண்டோ?"

"விடுதலை எண்டுதான்."

"எனக்கு வேலையில விடுதலை கிடைச்சது. ஸ்கொட்லாந்துக்குப் போக. அந்தச் சொல்லு உங்களுக்கு விளங்கேல்லையோ?"

ஒரு சப்பாத்து கையில், ஒன்று காலில். அப்படியே இருந்தார்.

"அவர் செத்த வீட்டுக்கு வந்த ஆள் மாதிரி என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு சொன்னவர். நான் என்னெண்டு நினைக்கிறது?"

"நினைக்க வேண்டாம். என்னட்டைக் கேட்டிருக்கலாமே. ஏன் போறீர் எண்டு ஒரு சொல்லு."

"கேட்டனான்தானே. முடிவெடுத்திட்டீரோ எண்டு கேட்டன். எப்பவோ எடுத்த முடிவு எண்டனீர்."

"அதுக்கு நீங்கள் சரி எண்டு சொல்லிப்போட்டுக் கணவாய் கேட்டனீங்கள்."

அவர் கையிலிருந்த சப்பாத்தைத் திருப்பி அடியைப் பார்த்தார்.

"அடுத்த நாள் காலமை பிளேனில என்ரை இடத்தை வெட்டிப்போட்டு உங்கட இடத்தை வைச்சிருக்கிறியள். மனுசி விட்டிட்டுப் போறாள் எண்டால் ஒருத்தன் அழுவான், இல்லாட்டி அடிக்க வருவான், இல்லாட்டிக் காலில விழுவான். நீங்கள் ஒற்றை அறை போட்டிருக்கிறியள்."

"அப்ப நீர் போகேல்லையோ?" என்றார்.

அந்தக் குரலில் இருந்தது நிம்மதியா ஏமாற்றமா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. எத்தனையோ தடவை திருப்பித் திருப்பி மனதுக்குள் கேட்டுப் பார்த்துவிட்டேன். சில நாள் இதுபோலக் கேட்கும், சில நாள் அதுபோலக் கேட்கும். பிறகு அவர் மற்றச் சப்பாத்தையும் கழற்றி ஒழுங்காக வைத்துவிட்டு எழும்பினார்.

"சரி விடும். பிழை விளங்கிட்டுதெல்லே. நாளைக்குப் போன் பண்ணி ரண்டு பேராக்கி விடுறன்."

அவருக்கு அவ்வளவுதான். ஒன்றை இரண்டாக்கினால் கணக்குச் சரி.

"ஆக்க வேண்டாம்" என்றேன். "ஒரு ஆளாவே இருக்கட்டும். பேரை மட்டும் நான் மாத்திறன்."

"விளங்கேல்லை."

"நீங்கள் நிண்டு பிள்ளையைப் பாருங்கோ. நான் போட்டு வாறன்."

"தனியவோ? நீரோ?"

"ஏன், நீங்கள் தனியத்தானே போக இருந்தனீங்கள்?"

அவர் குசினிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். மகள் ரீவியைப் பார்த்தபடி, "ஆர் யூ ஃபைட்டிங்?" என்று கேட்டாள். "நோ" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம். பிறகு அவர் என்னைப் பார்த்து, அதே குரலில், அதே அளவாக, "சரி" என்றார்.

தங்கைக்கு நீ வரத் தேவையில்லை என்று சொல்லிவிட்டேன். பரமட்டாவில் அந்தப் பெண் ஒன்றும் கேட்காமல் பெயரை மாற்றித் தந்தாள். ஊர்தான் கேட்டது. மாதம் ஒருமுறை வாடகை மண்டபத்தில் தமிழ்ச் சனம் கூடிப் பிரார்த்தனை செய்யும் இடத்தில் நான் உள்ளே நுழைந்தால் பேச்சு நிற்கும். பக்கத்து வீட்டுக்காரி பாவம், அது லீவு, அது லீவு என்று ஆள் ஆளாகப் பிடித்துச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். புருசனை விட்டுவிட்டுத் தனியாக ஸ்கொட்லாந்துக்குப் போகிறவளுக்கு லீவு என்றால் யார் நம்புவார்கள்? "விடுதலை எடுத்த அன்ரி" என்று ஒரு பெயரும் எனக்கு விழுந்தது.

அவரை நான் விட்டுவிடவில்லை. பிறகும் அவரோடுதான் இருந்தேன், அவருக்குத்தான் சமைத்தேன், கணவாயும் சமைத்தேன். ஏன் என்று நீங்கள் கேட்டால் என்னிடம் பெருமையான பதில் கிடையாது. கேட்காத விடுதலையை ஒருவர் அவ்வளவு சுலபமாகத் தூக்கித் தந்தால் அதை வாங்கிக்கொண்டு போகவும் மனம் வராது. அவருக்கு அந்தச் சுகத்தையும் கொடுக்க வேண்டுமா என்று ஒரு எரிச்சல். அந்த எரிச்சலே ஒரு குடும்பத்தை நெடுங்காலம் தாங்கும் என்பதை நான் கண்டிருக்கிறேன்.

ஓகஸ்டில் நான் போனேன். மூன்று வாகனம் மாறி, கம்பளிக் கோட்டோடு, ஒரு ரின் மிளகாய்த் தூளோடு. அறை உண்மையில் ஒரு ஆளுக்கு மட்டும்தான். கட்டிலும் ஒரு கதிரையும் ஒரு யன்னலும். யன்னலில் ஆறு. வீட்டுக்காரி வந்து ரீ வேண்டுமா என்று கேட்டாள், ஓம் என்றேன், உருளைக்கிழங்கும் இறைச்சியும் வந்தன. அந்த விசயத்தில் அவர் சொன்னது சரிதான். மழை விடாது என்று சொன்னதும் சரிதான். பாலத்தைப் பார்க்க இரண்டு நிமிடம் காணும் என்றதும் சரி. படத்தில் பெரிதாகத் தெரிந்த பாலத்தை நான் இருபது முப்பது அடியில் கடந்துவிட்டேன். நடுவில் நின்று ஆற்றைப் பார்த்தேன். மீன் ஒன்றும் துள்ளவில்லை. இந்த இடத்தில் என்னோடு நிற்க வேண்டிய ஒருவர் இருந்தார், அவர் வராதது எனக்குத் துக்கமாக இருக்க வேண்டும் என்று மனதைத் தட்டித் தட்டிப் பார்த்தேன். மழைதான் பெய்தது.

ஏழு நாளும் நின்றேன். ஒரு நாளும் குறைக்கவில்லை. ஒருத்தருக்கும் சமைக்கவில்லை.

கடைத்தெருவில் தபாற்கந்தோரும் கடையும் ஒன்றுதான். கம்பித் தட்டில் படத் தபாலட்டைகள் சுழன்றன. பாலம், குன்று, தேவாலயம். இத்தனை வருடத்துக்குப் பிறகும் அதே படங்கள், அதே வானம். பாலத்தை எடுத்தேன். கடைக்காரரிடம் பேனா இரவல் வாங்கி, பிளாக்டவுன் விலாசத்தை எழுதி, பக்கத்தில் எழுதினேன்.

"இங்கு மழை. நான் சுகம். பிள்ளையைக் கவனமாகப் பார்க்கவும்."

கீழே பாதி அட்டை வெறுமையாக இருந்தது. அதை அப்படியே விட்டு, முத்திரை ஒட்டிப் பெட்டிக்குள் போட்டேன்.